புதன்கிழமைக் கிளினிக்

கோப்பாய்ச் சந்தியில் மழை பிடித்துக்கொண்டபோது ஜெசிதா குடையை விரிக்கவில்லை. குடை கையில்தான் இருந்தது. பஸ் தரிப்பிடத்துக்குப் போகத் தெருவைக் கடக்க இறங்கியவள், நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். தெருவின் நடுவே இழுத்திருந்த வெள்ளைக் கோடு மெல்ல நெளிந்தது... கொடியில் காயப்போட்ட சேலை காற்றுக்கு அசைவதுபோல.

'இல்லை. கோடு அசையாது. நீ நட' என்று தனக்குள் சொன்னாள். கால் கேட்கவில்லை.

கிறீச்...

மோட்டார்சைக்கிள் ஒன்று சறுக்கி, அவளுக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. பின்னால் கட்டியிருந்த பெட்டி கயிறு அறுந்து விழுந்து உருண்டது.

"என்ன இது! நடுறோட்டிலை நிண்டு ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் பெட்டியைப் பார்த்தாள். அதற்குள்ளிருந்து நீலக் கால்கள் எட்டிப் பார்த்தன. ஒன்று, இரண்டு, ஐந்து... கொடுக்கை உயர்த்திக்கொண்டு, மழைத் தண்ணீரில் பளபளத்துக்கொண்டு, நண்டுகள் தார்த் தெருவைக் குறுக்கறுத்து நடக்கத் தொடங்கின.

அவள் ஓரடி பின்வாங்கினாள். ஐந்து கிழமையாக, முப்பத்தைந்து நாளாக, ஒன்றும் எடுக்கவில்லை. அப்படியிருந்தும் இதென்ன...

"உங்களுக்கும்... உங்களுக்கும் தெரியுதோ?"

"என்னது?"

"நண்டு..."

அவன் ஹெல்மெற்றைக் கழற்றினான். வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் சுருங்கிப் பழகிய கண்கள். கோபப்பட முயன்று, முடியாமல் சிரித்துவிட்ட கண்கள்.

"தெரியாமலோ? நெல்லியடியிலை பெரியம்மா சட்டி கழுவி வைச்சுக்கொண்டு காத்துக்கொண்டு இருக்கிறா. நண்டு றோட்டிலை உலாத்துறது அவவுக்கு மட்டும் தெரியக்கூடாது!"

ஜெசிதாவுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு! கண்ணீரும் கூடவே வந்ததை மழை மறைத்துவிட்டது.

"சிரிக்காமல் பிடியுங்கோ. பின்பக்கத்தாலை... ஐயோ, முன்னாலை போகாதேங்கோ, கொடுக்கு!"

விரிக்காத குடையால் அவள் நண்டுகளை ஒதுக்க, அவன் பிடித்துப் பெட்டிக்குள் போட்டான். ஓட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். எண்ணிப் பார்த்தால் இரண்டு குறைந்தது. வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டன.

"என்னாலைதான்..." என்றாள்.

"விடுங்கோ. அதுகளுக்கும் ஒரு விருப்பம் இருக்கும்தானே." பெட்டியைக் கட்டியபடி அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். "எங்கை போக வெளிக்கிட்டனீங்கள்?"

"ரவுணுக்கு."

"பஸ் வருது. ஏறுங்கோ. நடுறோட்டிலை மட்டும் நிக்காதேங்கோ, என்ன!"

அவன் போய்விட்டான். பஸ்ஸும் வந்து, நின்று, போனது. ஜெசிதா ஏறவில்லை. நனைந்தபடி வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். ஆஸ்பத்திரிக்கென்று வெளிக்கிட்டுப் பாதியில் திரும்புவது அவளுக்கு இது மூன்றாவது தடவை.

ஜெசிதாவுக்கு இருபத்தாறு வயது. கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்தில் படம் கீறும் வேலை. அங்கே சிநேகிதர் வீட்டில் ஒரு சனிக்கிழமை போதைப்பொருள் தோய்த்த ஒரு தாள் துண்டை நாக்கில் வைத்தாள். முத்திரையின் காற்பங்குகூட இராது. சுவர் மூச்சுவிட்டது. நிறங்களுக்குச் சத்தம் வந்தது. முதலில் மாதம் ஒன்று. பிறகு சனி, ஞாயிறு. பிறகு தூரிகையைத் தொடுவதற்கே அது வேண்டியிருந்தது. ஒன்று போதாமல் இரண்டு, இரண்டு போதாமல் மூன்று. இனி இல்லை என்று சொன்ன ஒவ்வொரு திங்கட்கிழமையும் வெள்ளிக்கு முன்னரே தோற்றுப்போனது. வேலை போனது. ஊருக்கு வந்தாள். எடுக்காத நாட்களிலும் விளக்குகள் வால் இழுத்தன, கோடுகள் நெளிந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்ததும் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தாய் பியாட்றிஸ் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட உப அதிபர். கணவரை இழந்த பிறகு தனியாக மகளை வளர்த்தவர். கோப்பாயில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். கேட்டு முடித்தவர், எழுந்துபோய் லண்டனிலிருக்கும் தம்பிக்கு ரெலிபோன் எடுத்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு வழிகள் கதைக்கப்பட்டன. இந்தியாவில் ஓர் இடம். ஆறு மாதம், போன் இல்லை, வெளியே வரவும் இயலாது. அல்லது, சபையில் ஓர் அன்ரி சொன்ன ஜெப வீடு. இரண்டில் எதுவானாலும் ஊருக்குச் சொல்ல, 'பிள்ளை கோர்ஸ் ஒண்டுக்குப் போயிட்டா' என்ற பதில் தயாராக இருந்தது. மூன்றாவது வழியை ஜெசிதா தானே விசாரித்து அறிந்திருந்தாள். ரவுணில், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், புதன்கிழமைகளில் மனநலக் கிளினிக்.

"அந்த நீட்டு வாங்கிலை போய் வரிசையிலை இருந்தியெண்டால் நாளைக்கு ஊரே பாக்கும்," என்றார் பியாட்றிஸ். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நண்டுகள் உலாத்தியதற்கு அடுத்த புதன்கிழமை ஜெசிதா வெள்ளைக் கோட்டைப் பார்க்காமல் தெருவைக் கடந்து பஸ் ஏறிவிட்டாள்.

கிளினிக் விறாந்தையில் துப்பட்டாவால் முகத்தை மூடினாற்போல ஓரமாக இருந்தாள். பக்கத்து வாங்கிலிருந்து ஒரு குரல்...

"மழை இல்லைத்தானே? முகத்தை ஏன் மூடியிருக்கிறியள்?"

அவன்! அதே கண்கள். ஜெசிதா எழுந்தே விட்டாள். 'கடவுளே, இவனா? இங்கேயா?'

"நான்... நான் ஒரு சிநேகிதிக்காக விசாரிக்க வந்தனான்."

"ஓமோ." அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அப்ப உங்கடை சிநேகிதிக்கு நம்பர் எடுத்திட்டியளோ? பத்து மணியோடை நிப்பாட்டிப்போடுவினம்."

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே கால்கள் நம்பர் கொடுக்கும் யன்னலை நோக்கி நடந்தன. துண்டோடு திரும்பி வந்தபோது, அவனுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சாரம் உடுத்து, பெரிய மீசையுமாக ஒருவர் இருந்தார்.

"என்ரை அப்பா, அடைக்கலநாதன். நான் டினேஸ். குருநகர். மீன்பிடி வள்ளத்து எஞ்சின் திருத்துறனான். அப்பாக்குக் குடிப் பழக்கம்... விட்டு ரெண்டு வருசம். மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டிக்கொண்டு போறம்."

"ரெண்டு வருசமும் நாலு மாசமும்," என்று திருத்தினார் அடைக்கலநாதன். "அந்த நாலு மாசத்தை இவன் எப்பவும் விழுங்கிப்போடுவான்."

இவ்வளவு சாதாரணமாகவா சொல்வார்கள்! ஏதோ பல்லுக் காட்ட வந்ததுபோல... ஜெசிதா ஆச்சரியத்தோடு அவர்கள் நடுவில் இருந்த வெற்றிடத்தில் அமர்ந்தாள்.

"முதல் தரம் நாங்கள் அப்பாவைக் கேக்காமல் ஒரு இடத்திலை கொண்டுபோய் விட்டனாங்கள். மூண்டாம் நாள் மதில் பாய்ஞ்சு வந்திட்டார்," என்றான் டினேஸ்.

"எட்டடி மதில், பிள்ளை."

"அடுத்த தரம் எங்கை போக விருப்பம் எண்டு அவரையே கேட்டன். இங்கை வந்தார். ஆனால் உங்கடை சிநேகிதியின்ரை விசயம் வேறையா இருக்கும். அதை டொக்டரிட்டைத்தான் கேக்கவேணும்."

சிநேகிதி என்ற சொல்லில் அவன் கொஞ்சமும் கேலியை வைக்கவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

டொக்டர் நடுத்தர வயதுப் பெண். என்ன எடுத்தாள், எவ்வளவு, வேறு எதையும் சேர்த்து எடுத்தாளா, நித்திரை எப்படி, சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று ஒன்றுவிடாமல் கேட்டார். கேட்டதை எழுதினார். முகம் சுளிக்கவில்லை.

"இந்தப் பழக்கத்துக்கெண்டு தனி மருந்து ஒண்டும் இல்லை, ஜெசிதா. பயத்துக்கோ மனச்சோர்வுக்கோ தேவையெண்டால் தரலாம். மற்றபடி கதைக்கிறதுதான் வைத்தியம். கண்ணிலை தெரியிறது கனபேருக்குக் காலம் போகப் போகக் குறையும். எப்ப எண்டு என்னாலை திகதி சொல்லேலாது."

"அம்மா இந்தியாவுக்கு அனுப்பப் பாக்கிறா. பூட்டி வைச்சால் சுகம் வருமோ, டொக்டர்?"

"வதிவிடச் சிகிச்சை கூடாதெண்டு இல்லை. வீட்டிலை இருந்து பழக்கத்தை விடமுடியாத ஆக்களுக்கு அது நல்லது. கிட்டவும் இருக்கு. உங்களாலை வீட்டிலை இருந்து விடமுடியுமோ? அதுக்கு அம்மாவோ நானோ பதில் சொல்லேலாது. நீங்கள்தான் சொல்லவேணும். அடுத்த கிழமை வீட்டாக்கள் ஒராளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

வெளியே வந்தபோது டினேஸ் இன்னும் நின்றான். தகப்பன் மருந்து எடுக்கும் வரிசையில்.

"சிநேகிதிக்கு என்ன சொன்னவை?"

ஜெசிதா அவனை நேரே பார்த்தாள். "சிநேகிதி இல்லை. நான்தான்."

"தெரியும்," என்றான் மெல்ல. "கோப்பாயிலை நண்டு தெரியுதோ எண்டு கேட்ட அண்டைக்கே ஏதோ பயந்துபோய் நிக்கிறியள் எண்டு விளங்கினது."

செய்தி பஸ்ஸைவிட வேகமாகக் கோப்பாய்க்குப் போயிருந்தது. வாசலிலேயே பியாட்றிஸ் நின்றார்.

"ஆர் அந்தப் பெடியன்? குருநகர்க் கடற்கரையாமே! விறாந்தையிலை பக்கத்திலை பக்கத்திலை இருந்து சிரிச்சியாம். எங்கடை பேரைப் பற்றிக் கொஞ்சமாவது யோசிச்சியோ?"

"அம்மா, அவரின்ரை விசயம் பேந்து கதைப்பம். முதல் என்ரை விசயம்."

பியாட்றிஸின் கையில் மகளின் பாஸ்போட் இருந்தது. ஜெசிதா அதை வாங்கி மேசையில் வைத்தாள்.

"நான் வைத்தியம் எடுக்க மாட்டன் எண்டு சொல்லேல்லை. எங்கை எடுக்கிறது எண்டதை என்னட்டைக் கேளுங்கோ எண்டுதான் சொல்லுறன். ஒளிச்சு வைச்சால் நான் இன்னும் ஒளிப்பன் அம்மா. எனக்கு ஒளிக்கிறது நல்லாத் தெரியும். அதைத்தானே இவ்வளவு நாளும் செய்தனான். வாற புதன் வீட்டாக்கள் வரவேணுமாம். நீங்கள் வந்தால் நல்லம். வராட்டிலும் நான் போவன்."

அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் பேச்சு இல்லை. உப்பு, கறி, லைற்றை நிப்பாட்டு, அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை பியாட்றிஸ் பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாட்களில் உடுத்த சாம்பல்நிறச் சேலையை உடுத்திக்கொண்டு வெளிக்கிட்டு நின்றார். கிளினிக்கில் ஓரமாக இருக்கவில்லை. முன் வாங்கில், எல்லாரும் பார்க்கும்படி போய் அமர்ந்தார். பழைய மாணவி ஒருத்தி, "ரீச்சர், இங்கை என்ன?" என்று கேட்டபோது, "மகளுக்குச் சுகமில்லை. காட்ட வந்தனாங்கள்," என்றார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் சொன்னார். ஜெசிதா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிழமைக்கு ஒருமுறை வீட்டிலிருந்து வருவது, பழைய சிநேகிதரின் இலக்கங்களைப் போனிலிருந்து அழிப்பது, மூன்று மாதம் பார்ப்பது. டொக்டர், தாய், மகள் மூன்று பேருமாக இப்படித் தீர்மானித்தார்கள். அடைக்கலநாதன் வராத புதன்களிலும் டினேஸுக்கு ரவுணில் ஏதோ அலுவல் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு முன்னால் தேத்தண்ணிக் கடையில் பத்து நிமிடம். எஞ்சின் கதை, அவள் கீறத் தொடங்கிய பென்சில் படங்களின் கதை... வேறு எதுவும் இல்லை. ஆனால் வியாழக்கிழமையே அவள் அடுத்த புதனை எண்ணத் தொடங்கியிருந்தாள்.

ஒன்பதாவது கிழமை கொழும்பிலிருந்து அந்தப் பழைய சிநேகிதரில் ஒருத்தி அவளைப் பார்க்க வந்தாள். போகும்போது பரிசுபோல ஒரு சின்னக் கடதாசி உறையைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஜெசிதா அதை எறியவில்லை. மத்தியானம் தாய் கடைக்குப் போன நேரம்...

எட்டு மணித்தியாலம் சுவரோடு சுவராகக் கிடந்தாள். நிறங்களில் அழகு இருக்கவில்லை. பயம் மட்டுமே இருந்தது. பியாட்றிஸ் பக்கத்தில் இருந்து ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டார்.

அந்தப் புதன் டொக்டரிடம் அவளே சொன்னாள். "வீட்டிலை இருந்து முடியுமோ எண்டு கேட்டியள். என்ரை பதில் இப்ப தெரியும். ஏலாது. உள்ளை இருந்து வைத்தியம் எடுக்கிறன். ஆனால் கிட்ட. ஆக்கள் வந்து பாக்கக்கூடிய இடம்."

குடாநாட்டுக்குள்ளேயே ஒரு வதிவிட நிலையத்தில் இடம் இருந்தது. இரண்டு மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம். ஜெசிதாவே படிவத்தில் கையெழுத்து வைத்தாள்.

தேத்தண்ணிக் கடையின் தகரத் தாழ்வாரத்தில் மழை கொட்டியது. டினேஸ் இரண்டு பிளேன் ரீயோடு வந்தான்.

"நான் திரும்ப எடுத்திட்டன்," என்றாள். முன்னுரை ஒன்றும் இல்லாமல்.

அவன் கோப்பையை வாங்கில் வைத்தான். முகத்தில் ஒரு கணம் வலி... பிறகு நிதானம்.

"டொக்டரிட்டைச் சொன்னியளோ?"

"ஓம்."

"அம்மாக்கு?"

"தெரியும். திங்கட்கிழமை உள்ளை போறன். ரெண்டு மாசம்."

"சொல்லவேண்டிய ரெண்டு பேருக்கும் சொல்லியாச்சு. பேந்து என்னட்டை ஏன்?"

ஜெசிதா மழையைப் பார்த்தாள். மழை மழையாகத்தான் இருந்தது.

"அவைக்குச் சொல்லவேண்டி இருந்தது. உங்களுக்குச் சொல்ல... விரும்பினன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, டினேஸ். அதுக்கு முதல் இது தெரியவேணும் எண்டு நினைச்சன். தெரிஞ்ச பிறகு எழும்பிப் போறதெண்டால் போங்கோ. நான் கோவிக்க மாட்டன்."

அவன் எழும்பவில்லை. எஞ்சின் ஒயில் படிந்த விரல்களால் தன் கோப்பையை ஒருமுறை சுழற்றினான்.

"அப்பா முழுசா விட முதல் மூண்டு தரம் திரும்பக் குடிச்சவர். பாக்கிறது லேசில்லை. லேசெண்டு உமக்குப் பொய் சொல்லமாட்டன்."

'உமக்கு.' முதன்முறையாக நீங்கள் என்ற தூரம் கரைந்திருந்தது. அவளுடைய கன்னம் சூடானது.

"ஞாயிற்றுக்கிழமை எத்தினை மணிக்குப் பாக்க விடுவினம்?" என்று கேட்டான்.

"பத்து மணிக்கு. ஆனால்... அம்மாவும் ஆராதனை முடிய நேரே அங்கைதான் வருவா."

"நல்லதாப் போச்சு. நானும் சேர்ச்சிலை பூசை முடியத்தான் வருவன். பார்வையாளர் வாங்கு ஒண்டுதான் இருக்கும்போலை?"

"ஒண்டுதான். அம்மா உங்களைப் பாத்த பார்வையிலேயே எழுப்பிப்போடுவா."

"எழும்பமாட்டன்," என்றான் டினேஸ். சிரிக்கவில்லை. "நீர் வெளியிலை வாற வரைக்கும் அந்த வாங்கிலை அவவுக்குப் பக்கத்திலை இருக்கப்போறன். எனக்கு உம்மைப் பிடிச்சிருக்கு எண்டதை உம்மடை அம்மாவுக்கும் நானே சொல்லுறன்."