பெண்கள் பக்கத்திலிருந்து தெரிந்த காட்சி

"பாவம்டா அவ... அவளுக்கு ஒண்ணுமே தெரியாது!"

சோடாக் கடைத் தகரத்துக்குக் கீழே நின்று சாமிதுரை தன் சிநேகிதன் தங்கசாமியிடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏன் தெரியாது? அவளுக்கு எல்லாம் தெரியும்."

குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினான். மழைச்சாரல் பட்டு இமை நனைந்த இரண்டு கண்கள்... கோபமா, சிரிப்பா என்று பிடிபடாத கண்கள்!

பெரம்பலூர் தியேட்டரில் மேட்னி பாதியில் கரண்ட் போயிருந்தது. வெளியே நல்ல மழை. உள்ளே ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று நடுவில் குட்டைச் சுவர் வைத்துப் பிரித்திருந்த ஜனங்களை மழை ஒரே தகரத்துக்குக் கீழே சேர்த்துவிட்டது. அந்த மழை மட்டும் இல்லாவிட்டால் இவர்கள் இரண்டு பேரும் சுவருக்கு ஆளுக்கொரு பக்கமாகவே இருந்து கிழவன் கிழவியாகியிருப்பார்கள்.

படம் 'இருட்டுக்கு ஒரு விலாசம்'. முதலில் வந்தபோது ஒரு வாரம்கூட ஓடாமல் பெட்டிக்குள் போனது. இரண்டாம் தடவை வந்தபோதுதான் பெரம்பலூர், அரியலூர் பிள்ளைகளுக்கெல்லாம் பித்துப் பிடித்தது. ரயில்வே கேட் காட்சிக்கென்றே ஒரு கூட்டம் வரும். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருக்கும்... பெட்டிகளின் இடைவெளியில் அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசுவது தெரியும். அடுத்த இடைவெளியில் ஒருவன். அதற்கடுத்ததில் யாருமே இல்லை. சத்தம் இல்லை, ரத்தம் இல்லை... தியேட்டரே மூச்சடங்கிப் போகும். கொலை செய்தவன் வீட்டுக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டுவார். "நான் இங்கதான் சார் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்" என்று அவன் சொல்வதற்கு முன்னால் ஆண்கள் பக்கம் மொத்தமும் சொல்லிவிடும். அதில் பெரிய குரல் சாமிதுரையுடையது.

"நீங்க பாவம்னு சொன்னீங்களே, அந்தக் கொலைகாரன் பொண்டாட்டி... இன்ஸ்பெக்டர் வர்றப்ப அவ என்ன பண்றா, பாத்தீங்களா?" என்றாள் அவள்.

"அடுப்புக்கிட்ட நிக்கிறா. வேற என்ன?"

"சரியாப் போச்சு! காலித் தட்டுல சோத்தைப் போட்டுப் பிசைஞ்சு, பாதியை வழிச்சுட்டு, சாப்பிட்ட தட்டு மாதிரி வைக்கிறாளே... அதைப் பாத்துட்டுத்தானே இன்ஸ்பெக்டர் திரும்பிப் போறாரு?"

"அப்படி ஒரு சீனே கெடையாதுங்க! படம் பூரா எனக்கு மனப்பாடம்."

"படத்தைக் காதால பாத்திருப்பீங்க!"

தங்கசாமிக்குக் குடித்த சோடா மூக்கில் ஏறியது.

"சிந்தாமணி! அங்க என்னடி பேச்சு?" என்று சித்தி பொன்னம்மாள் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சிந்தாமணி... ஜெயங்கொண்டத்துப் பெண். சித்தி வீட்டில் தங்கி டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்க வந்தவள். போகிறபோக்கில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். உரக்கடையில் வேலை பார்க்கும் சாமிதுரைக்கு அன்று தூக்கம் போனது.

மறுநாள் முதல் வேலையாக மேட்னிக்குப் போனான். அப்போதுதான் கவனித்தான். ஆண்கள் பக்க பெஞ்சுகளுக்கு முன்னால் ஓர் இரும்புத் தூண். திரையின் இடது மூலையை அது மறைத்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அவன் முக்கால் படத்தைத்தான் மனப்பாடம் பண்ணியிருக்கிறான்! இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டியதும் எழுந்து போய் நடுச்சுவருக்கு மேலே கழுத்தை நீட்டினான்.

"எவண்டா அவன், பொம்பளைங்க பக்கம் தலைய நீட்டுறவன்?"

டிக்கெட் கிழிப்பவர் வந்து சட்டையைப் பிடித்தார். ஆனால் அதற்குள் பார்த்துவிட்டான். மூலையில் அந்தப் பெண்ணின் கை, நடுங்காமல், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. சட்டையைப் பிடித்த கையைக்கூட மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

காரணம் இருந்தது. அவன் அப்பா கொளஞ்சியப்பன் வரப்புத் தகராறில் பங்காளியை மண்வெட்டியால் அடித்து, அந்த ஆள் இறந்து, பல வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர். சேதி தெரிந்த அன்றே அம்மா பிறந்த வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. 'தெரிந்தால் போய்விடுவார்கள்...' என்று அவன் மனதில் அன்றைக்கு எழுதியது அழியவே இல்லை. அதனால்தான் சொந்த ஊரான ரஞ்சன்குடியை விட்டு டவுனுக்கு வந்து, அப்பாவைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தான்.

"நீங்க சொன்னது சரிங்க" என்றான், டைப்ரைட்டிங் வகுப்பு விட்டு அவள் வரும்போது.

"கண்ணால பாத்தீங்களா?"

"கழுத்து சுளுக்குற வரைக்கும் பாத்தேன்!"

சிரித்தாள். அவ்வளவுதான்... பையன் அவுட்! அதன்பிறகு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தினம் சேர்ந்து நடந்தார்கள். பேச்செல்லாம் படம்தான். ஒரு நாள் அவன் கேட்டான்.

"தெரிஞ்சும் அவ ஏங்க அவனை வுட்டுட்டுப் போகலை?"

"அவன் செஞ்சது சரின்னு அவ நினைக்கலைங்க. அப்புறம் அவளேதானே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கிட்டுப் போறா? ஆனா வந்து நின்னப்ப அவன் முகத்தைப் பாத்தா... நம்ம வூட்டு ஆளு பயந்து போயி நிக்கிறான்னு பாத்தா. தண்டனை குடுக்கறது வேறங்க, கைவுடறது வேற."

அப்பா விஷயத்தை அவன் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது... விழுங்கிவிட்டான்.

ஆடி முடிந்ததும் அவள் அப்பா ஆள் அனுப்பினார். உடையார்பாளையத்தில் ஒரு மாப்பிள்ளை, நல்ல வசதி.

"நீங்க எதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள் சிந்தாமணி. கண்கள் அவன் முகத்தை விட்டு நகரவில்லை.

"நல்ல இடம்னா... பண்ணிக்குங்க."

அவள் மூக்கு சிவந்தது. "ரொம்ப நன்றிங்க!" என்று விறுவிறுவென்று போனாள். அன்றிலிருந்து அவன் வேறு தெருவழியாகக் கடைக்குப் போனான். கோழை என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டான். திட்டினால் போதுமா?

வெள்ளிக்கிழமை சிறுவாச்சூரில் உரமூட்டை இறக்கிவிட்டுப் பஸ்ஸுக்கு நின்றான். தூறல் போட்டது. கோவில் கூட்டத்திலிருந்து நெற்றி நிறையக் குங்குமத்தோடு அவள் நேரே அவனை நோக்கி வந்தாள்.

"என்னைப் புடிக்கலைன்னா புடிக்கலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. தெரு மாத்திப் போக வேணாம்."

"புடிக்கலைன்னு யாருங்க சொன்னா?" அவன் குரல் உடைந்தது. "உங்கள விட்டா எனக்கு வேற நெனப்பே இல்ல... ஆனா எங்க அப்பா..."

"கொளஞ்சியப்பன். மண்வெட்டி. திருச்சி ஜெயிலு."

"எ... எப்பலேருந்து தெரியும்?"

"சோடாக் கடையிலேருந்து வூட்டுக்குப் போறதுக்குள்ள சித்தி சொல்லிட்டாங்க. 'அந்தப் பையன்கிட்ட பேசாதடி'ன்னு சத்தியம் கேட்டாங்க. நான் பண்ணலை. பெரம்பலூருல இது தெரியாத ஆளு ஒருத்தர் இருக்காங்களா? நீங்க ஒருத்தர்தான் யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க!"

"அது தெரிஞ்சுமா... என்கூட நடந்தீங்க?"

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னுதான் தினம் நடந்தேன். சொல்லவே மாட்டேன்னுட்டீங்க. அதாங்க கோவம்."

தூறலில் அவள் கன்னம் நனைந்திருந்தது. எல்லாம் மழைத்தண்ணீர் இல்லை. ஆண்பிள்ளை நடுரோட்டில் அழக்கூடாது என்று யார் சொன்னது? சாமிதுரை அழுதான்.

"உங்க அப்பாரு சம்மதிப்பாருங்களா?"

"நேத்தே ஊருக்குப் போயி அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கத்தினாரு, ஒரு வேளை சாப்பிடலை. அப்புறம் 'வந்து கேக்கச் சொல்லு, பாப்போம்'னாரு. ஆனா எனக்கு ஒரு கண்டிஷன் இருக்கு. பொண்ணு பாக்க வர்றப்ப உங்க அப்பாவையும் கூட்டிக்கிட்டு வரணும். அவரை வூட்ல வுட்டுட்டு வந்தீங்கன்னா, நான் முகம் காட்ட மாட்டேன்."

ஜெயிலிலிருந்து வந்த நாளாக அப்பா ஒரு கல்யாணத்துக்கும் போனதில்லை. பந்தலைக் கண்டால் தெருவை மாற்றிப் போகிற மனுஷன்.

"அவரு எந்த வூட்டு நல்லதுக்கும் போறதில்லைங்க, சிந்தாமணி... யாரும் அவரைக் கூப்பிடறதில்லை."

"அப்ப, நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க."