குளிர் அறையில் மூன்று பீப்பா

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மஃரூப் தன் மண்டபத்தைத் திறந்து, குளிர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். தரை முழுக்கப் பிசுபிசுத்தது. வடிகால் வாயில் மட்டும் கொஞ்சம் நுரை மிச்சம் நின்றது. மூன்று பியர்ப் பீப்பாக்களும் வெறுமை. மூன்றின் குழாய்களும் கடைசிவரை திறந்து கிடந்தன. கதவுக்கு வெளியே, நடைவழியில், வெங்காய மூட்டைகளும் தக்காளிப் பெட்டிகளும் கோவாவும் கரட்டும் குவிந்து கிடந்தன.

அன்று மாலை ஆறு மணிக்கு அந்த மண்டபத்தில் தனுஷிகாவுக்கும் துஷாந்துக்கும் கலியாண வரவேற்பு. மஃரூப் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார். பெண் வீட்டார் பத்து மணிக்கு வந்து சேர்ந்தார்கள். பத்தேகாலுக்குள் குற்றவாளி யாரென்று முடிவாகிவிட்டது. புலம்பெயர்ந்த ஸ்காபரோத் தமிழருக்கு இதற்கு மேல் அவகாசம் தேவைப்படுவதில்லை.

"உவன் மஃரூப்தான்," என்றார் குலசிங்கம். தனுஷிகாவின் தாய்மாமன். "குடிக்காத ஆக்கள். எங்கட பிள்ளையள் குடிச்சாலும் உவைக்குப் பொறுக்காது."

மஃரூப் இரண்டடி தள்ளித்தான் நின்றார். தமிழ் அவருக்கு நன்றாக விளங்கும், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்.

"குலசிங்கம் அண்ணை, பத்து வருசமாக் குடிக்கிற சனத்துக்குத்தான் ஹோல் குடுக்கிறன். அதிலை பாவமெண்டால் நான் அல்லாவோடை கதைக்கிறன். நீங்கள் இடையிலை வராதேங்கோ."

"இனி ஒரு தமிழ்க் கலியாணம் இஞ்சை நடக்குதோ எண்டு பாப்பம்." குலசிங்கம் கைத்தொலைபேசியை எடுத்தார். வானொலி நடத்துகிற இருவரையும், எல்லாச் சங்கங்களின் தலைவர்களையும் அவருக்குத் தெரியும். சங்கங்களில் முக்கால்வாசிக்கு அவர்தான் தலைவர்.

"தொண்ணூறிலை முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் யாழ்ப்பாணத்தாலை எழும்பச் சொன்னவை, எழும்பினனாங்கள்," என்றார் மஃரூப். குரல் உயரவில்லை. "ரெண்டாந்தரம் எழும்ப எனக்கு ஏலாது, அண்ணை. முழங்கால் சரியில்லை."

தனுஷிகாவுக்குக் காது சுட்டது. இரண்டு மாதத்துக்கு மேலாகவே அவள் கோபமாகத்தான் இருந்தாள். ஏப்ரல் முழுக்க, யுத்தத்தை நிறுத்தச் சொல்லி, நகரத் தெருக்களில் பதாகையோடு நின்றாள். மே மாதம் யுத்தம் முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்னது. எவர் மிச்சம் என்று சொல்லவில்லை. வன்னியில் இருந்த சித்தப்பா அன்புராசா, அப்பாவின் ஒரே தம்பி, அவரிடமிருந்து சித்திரைக்குப் பிறகு ஒரு சொல் வரவில்லை. தாலிகட்டு அதற்கு முன்னமே கோயிலில் நடந்துவிட்டது. வரவேற்புக்கு இந்த மண்டபம் ஜூனில்தான் கிடைத்தது. வைப்பதா விடுவதா என்று வீட்டில் எல்லோரும் எல்லோரோடும் சண்டை பிடித்து, கடைசியில் எவருக்கும் பிடிக்காமல், வைப்பதென்று முடிவானது.

அதன் பிறகு துஷாந்தும் அவளும் வரவேற்புக்குப் பியர் தெரிவு செய்தார்கள். சின்ன ஆலைகளில் கைப்பக்குவமாகக் காய்ச்சுகிற பியர். கிழமைக்கிழமை போய், முகர்ந்து, சுழற்றி, வாய் கொப்புளித்து, துப்பி, அடுத்ததுக்குப் போனார்கள். உலகத்தில் அவர்கள் தீர்மானிக்கக்கூடியதாக மிஞ்சியிருந்தது பியர் ஒன்றுதான். அதை அவர்கள் மிகுந்த பொறுப்போடு தீர்மானித்தார்கள். தோடம்பழத் தோலும் கொத்தமல்லியும் போட்ட கோதுமைப் பியர் ஒன்று. பாகற்காயை வெட்கப்படுத்துகிற கசப்புப் பியர் ஒன்று. கோப்பிக்கொட்டை போட்ட கறுப்பு ஒன்று.

"மல்லி போட்டால் அது ரசம்," என்று குலசிங்கம் அப்போதே தீர்ப்பளித்திருந்தார்.

தனுஷிகாவின் வேலை காப்புறுதி நிறுவனத்தில், பொய்க் கோரிக்கை பிடிக்கிறது. தானாக எரிந்த கடைகள், தானாக மோதிய கார்கள். அலுவலகத்தில் அவளுடைய கோபத்துக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இங்கே சும்மா செய்யத் தயாரானாள்.

"மாமா, போனை வையுங்கோ. ஆரும் வெளியிலை போகக்கூடாது. மஃரூப் நானா, நேற்று எப்ப பூட்டினீங்கள்?"

"நீங்கள் எல்லாரும் போன கையோடை."

"திறப்பு?"

"ஒண்டு என்னட்டை. மற்றது உங்கட அம்மாட்டைக் குடுத்தனான், வெள்ளெனச் சோடிக்க வாறதெண்டு."

அந்தத் திறப்பு, ரூஜ் பகுதியில் இருந்த அப்பா வீட்டுக் குசினிக் கொளுவியில் இரவு முழுக்கத் தொங்கியது. கலியாணக் கிழமை என்று எல்லோரும் அந்த வீட்டில்தான் படுத்தார்கள்.

"உந்தத் தக்காளி ஆற்றை?"

"என்ரை. நாளைக்கு எங்கட ஆக்களின்ர நிக்காஹ் சமையல் கிடக்கு." மஃரூப் குனிந்து, நசிந்த ஒன்றைப் புறங்கையால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

அவள் திரும்பினாள். "மாமா, காலமை எங்கை போனனீங்கள்?"

"ஐஸ் வாங்க."

"ஐஸ் எங்கை?"

"கார் டிக்கிக்குள்ளை. விஸ்கிக்குத் துணையா."

"இந்தப் பியர் உங்களுக்குப் பிடிக்காதுதானே."

"பிடிக்காதுதான். ஆனா நான் ஊத்துறதெண்டால் வாய்க்குள்ளைதான் ஊத்துவன், பிள்ளை. நிலத்திலை ஊத்துற பழக்கம் எங்கட பரம்பரையிலை இல்லை."

இதை அவள் நம்பினாள். துஷாந்தைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. காலையில் தலைமயிர் வெட்டப் போனவன், வெட்டிய தலையோடு நின்றான். "தனு, திஸ் இஸ் லிட்ரலி எ க்ரைம்," என்று நாலாவது தடவையாகச் சொன்னான்.

அப்பா நவரட்ணம் சுவரோரம் ஒரு கதிரையில், நாலைந்து நாள் தாடியோடு இருந்தார்.

"நீங்கள் அப்பா?"

"நடக்கப் போனனான்."

"நாரிப்பிடிப்போடையோ?"

"நடந்தால் நல்லதெண்டு டொக்டர் சொன்னவர்."

நேற்று மாலை முழுக்க அந்த நாரி, அந்த இடுப்பு வலிதான் பேச்சு. அம்மா புனிதவதி நிறைகுடம், குத்துவிளக்கு, ஆலாத்தித் தட்டுகள், மாலைகள் என்று காரில் ஏற்றிவந்தாள். பூ வாடாமல் இருக்கக் குளிர் அறையில் வைப்பதாக ஏற்பாடு. "இந்தக் குடத்தை ஒருக்காப் பிடியுங்கோ," என்று அவள் கேட்டதற்கு, நாரி பிடிச்சிட்டுது என்று அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். மஃரூப்தான் ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் அதில் அடுக்கி உருட்டிப் போனார். குலசிங்கம் பியர் பார்க்கிற அவசரத்தில் அந்த வண்டியைக் காலால் ஒதுக்க, "சாமிச் சாமானைக் காலாலையோ தள்ளுறது, அண்ணை?" என்று அம்மா ஏசினாள். பிறகு பியர் ஆலைப் பொடியன் பீப்பாக்களில் குழாய்களைப் பொருத்தினான். துஷாந்தும் தனுஷிகாவும் கடைசித் தடவையாக மூன்றையும் சுவைத்து, கொப்புளித்து, வடிகாலில் துப்பினார்கள். அப்பா அப்போதுதான் இறங்கிவந்து கதவடியில் நின்றார். வண்டியைப் பீப்பாக்களுக்கு முன்னால் குறுக்காக விட்டுவிட்டு எல்லோரும் போனார்கள்.

தனுஷிகா குளிர் அறைக்குள் தனியே போனாள்.

வண்டி நேற்று விட்ட இடத்திலேயே நின்றது. நிறைகுடத்தில் தண்ணீர் விளிம்புவரை. தட்டில் ஒரு துளி சிந்தவில்லை. பீப்பாக்களுக்குப் போகிற நேர்வழி அதுதான். வண்டிக்குச் சில்லு உண்டு. ஒரு விரலால் தள்ளினால் உருளும். குழாயைத் திறக்க வந்தவர் அதைத் தள்ளவில்லை. பக்கவாட்டில் இருந்த இரும்பு அடுக்குகளில் இருந்து மஃரூபின் மரக்கறி முழுவதையும், வெங்காய மூட்டைகள் உட்பட, ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்திருக்கிறார். பிறகு வெறும் அடுக்குகளை இழுத்து ஒதுக்கி, சுவருக்கும் பீப்பாவுக்கும் இடையால் உடம்பை நுழைத்துப் பின்பக்கமாகக் கையை விட்டிருக்கிறார்.

வெளியே இருந்தவர்களுக்கு அந்தக் குவியல் கோபம் பிடித்தவன் எறிந்ததாகத் தெரிந்தது. தனுஷிகாவுக்குக் கோபம் பற்றிக் கொஞ்சம் தெரியும். கோபக்காரன் கிட்ட இருக்கிறதைத்தான் உதைப்பான். கிட்ட இருந்தது வண்டி.

மஃரூபாக இருந்தால் தன்னுடைய சமையல் சாமானை நிலத்தில் போட்டிருக்கமாட்டார். நேற்று அந்த வண்டியை உருட்டியவரே அவர்தான். மாமா காலால் தள்ளியிருப்பார். துஷாந்துக்கு அது வண்டி, அவ்வளவுதான். நேற்று தொப்பியைக் கழற்றி அதன்மேல்தான் வைத்தான். நிறைகுடத்தையும் விளக்கையும் தொடக்கூடாதென்று வெங்காய மூட்டையைச் சுமக்கிற மனிதன் எவன்?

துடக்குக்காரன், தீட்டுப்பட்டவன். செத்தவீட்டுக்காரன். முப்பத்தொரு நாளுக்கு மங்கலச் சாமானில் கை வைக்கக்கூடாத ஆள்.

அவள் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நாரிப்பிடிப்பு. புதன்கிழமை பல்லுக்கொதி என்று மீன்குழம்பைத் தள்ளிவைத்தது. நேற்றுக் காலை கோயிலுக்குக் கார் ஓட்டிப்போய், பார்க்கிங் இல்லையென்று காரைவிட்டு இறங்காமல் இருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியே கண்டு, வயது போகிறது என்று நினைத்திருந்தாள். யாருக்கான துடக்கு என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு தம்பிதான்.

வெளியே வந்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்றும் எடுக்கலாம், கும்பிட்டுக் கேட்கிறேன் என்றும் எடுக்கலாம். அவள் வாயை மூடினால் அம்மாவுக்கு இன்று ஒரு நாள் மிச்சம். மண்டபம், சேலை, முந்நூற்றைம்பது விருந்தாளிகள், எல்லாம் மிச்சம்.

"ஓம், ஓம், மஃரூப்தான். வேறை ஆர்?" குலசிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பித் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். "பின்னேரச் செய்தியிலை சொல்லும்."

அவள் போய் அந்தத் தொலைபேசியைப் பறித்து அணைத்தாள்.

"அப்பாதான் ஊத்தினது."

எல்லோரும் சுவரோரக் கதிரையின் பக்கம் திரும்பினார்கள்.

"கொப்பருக்கு நாரி ஏலாது பிள்ளை, அவர் எப்பிடி உந்த மூட்டையளை..." என்று அம்மா தொடங்கினாள்.

"நாரிக்கு ஒண்டுமில்லை அம்மா. குடத்தைத் தொடக்கூடாதெண்டு சொன்ன பொய். இண்டைக்கும் தொடேல்லை. வண்டியைத் தள்ளாமல் சுத்திப் போயிருக்கிறார். மீன் சாப்பிடேல்லை, கோயிலுக்குள்ளை வரேல்லை. எப்ப தெரியும், அப்பா?"

நவரட்ணம் கைகளைப் பார்த்தபடி சொன்னார். "செவ்வாய்க்கிழமை. வவுனியா முகாமிலை இருந்து ஒரு பெடியன் போன் எடுத்தவன். தண்ணி அள்ளப் போன இடத்திலை முடிஞ்சுதாம். கையிலை தண்ணிக் கானோடை."

அம்மா வெங்காய மூட்டை ஒன்றின்மேல் இருந்துவிட்டாள்.

"இண்டையைக் கடத்திப்போட்டு நாளைக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனான். கடத்தியிருப்பன். நேற்று நீங்கள் ரெண்டுபேரும் வாயிலை எடுத்து எடுத்துத் துப்பினியள். அவன் கானோடை போய்... நித்திரை வரேல்லை. விடிய வந்தன், திறந்துவிட்டன்."

துஷாந்த் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான்.

தனுஷிகாவுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. "பியர் போகட்டும் அப்பா. அதை நானே ஊத்தியிருப்பன், நீங்கள் சொல்லியிருந்தால். ஆனா மஃரூப் நானாவைக் கள்ளன் எண்டு சொல்லேக்கை உந்தக் கதிரையிலை இருந்து கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள். அதுக்கு என்ன துடக்கு?"

நவரட்ணம் எழுந்தார். மஃரூபுக்கு முன்னால் போய் நின்றார். கைகளைக் கூப்பினார். மஃரூப் அவருடைய தோளில் கையை வைத்து, மறுபடி கதிரையில் இருத்தினார்.

"நீங்கள் இருங்கோ அண்ணை. நீங்கள் சொல்லேல்லை. சொன்னவர் அங்காலை நிக்கிறார்."

குலசிங்கம் தொண்டையைச் செருமினார். "செத்தவீட்டுக்குள்ளை உந்தக் கதையள் வேண்டாம் பிள்ளை. பிறகு பாப்பம்."

"இப்ப பாப்பம், மாமா."

"நேரங்காலம் தெரியாமல்..."

"அந்தாளைக் கள்ளனாக்கப் பதினைஞ்சு நிமிசம் கிடைச்சது. மன்னிப்புக் கேக்க அதிலை அரை நிமிசம் போதும்."

குலசிங்கம் நடைவழியில் கிடந்த கோவாக் குவியலைப் பார்த்துச் சொன்னார்: "மஃரூப், குறை நினைக்காதை."

"நினைக்கிறன், அண்ணை," என்றார் மஃரூப். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "அக்கா, முந்நூற்றைம்பது பேருக்கும் போன் எடுத்து மறிக்க ஏலாது. சனம் வரத்தான் செய்யும். பாட்டு வேண்டாம், சோடினையைக் கழட்டுவம். கதவைத் திறந்து வைக்கிறன். வாற ஆக்கள் உங்களோடை இருந்திட்டுப் போகட்டும்."

அம்மா தலையசைத்தாள்.

"வாசலிலை ஆர் நிக்கிறது, விஷயத்தைச் சொல்ல?" என்று துஷாந்த் கேட்டான்.

தனுஷிகா யோசிக்கவே இல்லை. "மாமா நிப்பார். ஒவ்வொருத்தருக்கும், வாயாலை, முழுசாச் சொல்லுவார். சித்தப்பாவைப் பற்றியும். நானாவைப் பற்றித் தான் பரப்பினது பொய் எண்டும்."

மாலை ஆறு மணிக்குக் குலசிங்கம் கோட்டும் சூட்டுமாக மண்டப வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால், நூல் சேலையோடு, கையைக் கட்டிக்கொண்டு தனுஷிகா. முதலில் வந்தவர் அமிர்தநாதர். கையில் மினுமினுப்புத் தாள் சுற்றிய பெரிய பெட்டி, முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன குலம், மஃரூப் பியரை ஊத்திப்போட்டானாமே? ரேடியோக்காரப் பெடியன் சொன்னான்."

குலசிங்கம் திரும்பிப் பார்த்தார். தனுஷிகா அசையவில்லை.

"அவர் ஊத்தேல்லை," என்றார் குலசிங்கம்.

"அப்ப ஆர் சொன்னது?"

அமிர்தநாதருக்குப் பின்னால் பார்க்கிங்குக்குள் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. குலசிங்கம் டையைத் தளர்த்திக்கொண்டார்.

"நான்தான்," என்றார்.