இருபத்தொரு எண்ணெய்க் குப்பிகள்

2023 ஒக்டோபர் 23, திங்கட்கிழமை காலை, கண்டி கட்டுக்கலையில் ஒரு வீட்டின் பின்பக்கக் குழாயடியில், பழைய இராணுவத் துவக்குகளுக்குரிய இருபத்தொரு பித்தளை எண்ணெய்க் குப்பிகள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கப்பட்டன.

சஞ்சீவனி பூசைக்குப் பூ வாங்கிக்கொண்டு திரும்பியபோது வேலை முடிந்திருந்தது. மாமியார் இரத்தினம்மா குப்பிகளை வெயிலில் வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். ஆயுத பூசையன்று கத்தி, அரிவாள்மனை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கழுவிச் சாமி படத்தின் முன் வைப்பது அந்த வீட்டு வழக்கம்.

“துவக்குச் சாமான் மட்டும் ஆயுதம் இல்லையா? தம்பி வந்து பாத்தா சந்தோசப்படுவான்” என்றார், மகனை நினைத்து.

சஞ்சீவனிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவள் கணவர் சுந்தரலிங்கம் மாநகர சபையில் எழுதுவினைஞர். சுடுகிற துவக்கு ஒன்றுகூட அவரிடம் கிடையாது. துவக்கோடு சேர்ந்தவற்றைத்தான் பதினெட்டு வருஷமாகத் தேடிச் சேர்த்தார்: தோள் வார், முனைக்கத்தியின் உறை, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துவக்கின் கட்டைக்குள் செருகி வைத்த விரல் நீள எண்ணெய்க் குப்பி. கம்பளையிலும் கலகெதரயிலும் பழைய இரும்புக் கடைகளில் குந்தியிருந்து பொறுக்கியவை. மேலே நூறு வருஷமாகப் படிந்த கறுப்புத்தான் அவற்றின் வயதுக்குச் சாட்சி. அதைத் தேய்த்துவிட்டால் நேற்று வார்த்த பித்தளைதான்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்கு இருந்தது. ஓகஸ்டில் மாமியார் காஸ் அடுப்பைத் திறந்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். இன்னொரு தடவை இப்படி ஏதாவது நடந்தால் அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வழியில்லை என்று சுந்தரலிங்கம் விண்ணப்பப் படிவமே வாங்கி வைத்திருந்தார்.

மத்தியானத்துக்குள் இரத்தினம்மாவுக்குத் தான் தேய்த்தது மறந்துபோயிற்று. யார் இந்த வேலையைப் பார்த்தது என்று அவரே மருமகளைக் கேட்டார்.

சாயந்தரம் சுந்தரலிங்கம் சாமி படத்தின் முன் பளபளத்த குப்பிகளில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, யார் என்று மட்டும் கேட்டார்.

“நாந்தாங்க... பூசைக்குன்னு...”

“இருபது வருஷம் எங்கூட இருந்தும் உனக்குத் தெரியாதா? வேணும்னுதான் செஞ்சிருக்க.”

“லயத்துல பித்தளைய கண்டிருந்தால்ல இவளுக்கு அதோட அருமை தெரியும்” என்றார் இரத்தினம்மா.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் என்ற அந்தக் குத்தல் சஞ்சீவனிக்குப் புதிதல்ல. ஆனால் குறைப்பிரசவமாகி அவள் எழும்ப முடியாமல் கிடந்தபோது நாற்பது நாள் சோறு ஊட்டித் தலை வாரிவிட்டவரும் இதே மாமியார்தான். அவள் வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு அலுமாரிச் சாவி அவள் கையிலிருந்து போயிற்று. சுந்தரலிங்கம் கந்தோர் கன்டீனில் சாப்பிட்டார். தீபாவளிக்கு அவளுக்குச் சேலை வரவில்லை. கடைசியில் அவர் ஹுன்னஸ்கிரியவிலிருந்த அவள் அண்ணன் கறுப்பையாவுக்குப் போன் பண்ணி, வந்து தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று கறுப்பையா கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

டிசம்பர் மூன்றாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கறுப்பையா வந்தார். கதிரை நுனியில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சஞ்சீவனியின் பை கதவடியில் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கலகெதர பழைய இரும்பு வியாபாரி ருஷ்தியும் வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேள்விப்பட்டு, கறுப்புக் கலையாத குப்பி ஒன்றை எங்கோ தேடிப்பிடித்துக் கொண்டுவந்திருந்தார். மேசைமேல் வைத்துவிட்டு, சுந்தரலிங்கத்தோடு உள்ளே போய் மிச்சச் சாமான்களைப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது மேசையில் குப்பி இல்லை. பின்பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

இரத்தினம்மா குழாயடியில் குந்தியிருந்தார். கை முழுவதும் புளி. குப்பி பாதி பொன்னாகியிருந்தது.

“இது ஒண்ணு எங்க ஒளிஞ்சு கெடந்துச்சோ தம்பி. அன்னைக்கு இருபத்தொண்ணையும் நாந்தான் உக்காந்து தேச்சேன். இவ பூ வாங்கப் போயிருந்தா.”

சுந்தரலிங்கம் குழாயை மூடினார்.

“அண்ணே, இத்தோட இருபத்திரண்டு” என்றார் ருஷ்தி மெதுவாக.

சுந்தரலிங்கம் மனைவி பக்கம் திரும்பினார்.

“ஏன் சொல்லல?”

“சொன்னா மாமிய எங்க அனுப்புவீங்கன்னு எனக்குத் தெரியும். என்னை அனுப்புனா எனக்கு அண்ணன் வீடு இருக்கு. அவங்களுக்கு யாருங்க இருக்கா?”

அவர் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆறு வாரமாக அவளை ஏறிட்டும் பார்க்காதவர், அண்ணனும் அந்நியரும் பார்க்க, குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதார். தன்னை மன்னித்துவிடும்படி கேட்டார்.

“அதெல்லாம் பிறகு” என்றாள் சஞ்சீவனி. “மாமி எங்கயும் போகமாட்டாங்கன்னு மொதல்ல அண்ணன் முன்னுக்குச் சொல்லுங்க.”

சொன்னார். இரண்டு தரம் சொன்னார்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. என்ன நடக்கிறதென்று இரத்தினம்மாவுக்கு விளங்கவில்லை. மருமகளை இழுத்து நெஞ்சோடு சேர்த்து, கையில் புளி என்பதால் மணிக்கட்டால் கண்ணைத் துடைத்துவிட்டு, பித்தளைக்குப் போய் யாராவது அழுவார்களா என்று கடிந்துகொண்டார்.

சுந்தரலிங்கம் கதவடியிலிருந்த பையைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். சஞ்சீவனி ஐந்து பேருக்குச் சமைத்தாள்.

கறுப்பையா சாப்பிட்டுவிட்டு, இரண்டரை மணி பஸ்ஸில் ஹுன்னஸ்கிரியவுக்குத் தனியாகத் திரும்பினார்.