எண் 114: எதற்கென்று தெரியாது

விடிந்தும் விடியாமலும் மர்சலின் கோட்டை வாசலுக்கு ஓடி வந்தபோது கடலையே காணவில்லை. மார்கழிப் பனி அப்படி மூடியிருந்தது. ஏழு வள்ளங்கள் கரை திரும்பும் நேரம் அது. அவற்றில் ஒன்றில் அவள் தம்பி கிரேசியான் இருந்தான். வெள்ளிமுனைக் கரையை ஒட்டிக் கடலடிப் பாறைகள் வரிசைகட்டி நிற்கின்றன. வள்ளம் நுழைய ஒரே வழிதான், அது கோட்டைக் கொத்தளத்துக்கு நேர் எதிரே. கொத்தளத்து விளக்கோ பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. 

"அமீனு, பழைய மணி கீழதான கெடக்கு. நெலவறையத் தொறப்போம்" என்றாள் வாசலில் நின்ற அமீனிடம்.

அந்தக் கோட்டையின் கதையே ஒரு கூத்து. மிளகு மூட்டைகளைக் காக்க வெள்ளைக்காரன் கட்டினான். பனியில் கப்பல்களுக்கு வழிகாட்ட ஒரு மணியும் தொங்கவிட்டான். அவன் போனபின் வௌவால்கள் ஆண்டன. பிறகு அமீனின் பாட்டனார், கப்பலோட்டி உதுமான் மரைக்காயர், அதை விலைக்கு வாங்கினார். நெருப்புக்கோழி முட்டை, திமிங்கலத் தாடை, இரட்டைத்தலைக் கன்று என்று ஊர் ஊராய்ச் சேர்த்ததையெல்லாம் கொண்டுவந்து அடைத்து அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார். மனிதருக்கு ஒழுங்கில் அப்படியொரு பைத்தியம். எலும்புக்கு ஓர் அறை, மரத்துக்கு ஓர் அறை, வெண்கலத்துக்கு நிலவறை, இரும்புக்கு மேல்மாடம். ஒவ்வொன்றுக்கும் எண், சீட்டு. அவர் காலத்துக்குப் பின் ஒரு புயலில் நிலவறைப் படிகள் இடிந்தன. அதோடு வெண்கலத்தைப் பார்த்தவர் யாருமில்லை. உள்ளே புதையல் இருப்பதாக ஊரே அளந்துவிட்டது.

கடல் ஏறும் நேரம், நிலவறைக்குள் தண்ணீர் வரும் என்று அமீன் தயங்கினான்.

"அப்ப நீ கயித்தப் புடிச்சுக்கிட்டு மேல நில்லு. நா எறங்குறேன்."

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது, கூடவே வந்தான். நிலவறைப் பூட்டு துருவேறி இறுகிப்போயிருந்தது. மர்சலின் மேல்மாடத்துக்கு ஓடிக் கைக்கு அகப்பட்டதை எடுத்து வந்தாள். எண் 114, ஒரு முழ இரும்பு உலக்கை. 'எதற்கென்று தெரியாது' என்று மரைக்காயரே சீட்டு எழுதியிருந்தார். ஐந்து வருடமாக அங்கே வேலைபார்த்து, அதைத் துடைத்துவைத்து, பூதம் நெல் குத்திய உலக்கை என்று வருகிறவர்களிடம் கதை விட்டவள் அவள்தான். நாலே அடியில் பூட்டு தெறித்தது.

கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். தண்ணீர் முழங்காலில் இருந்தது. மணியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இடுப்புக்கு ஏறியது. தவலை அளவு மணி! கயிற்றைக் கட்டி, மேலேறி, உள்ளங்கை கிழிய இழுத்தார்கள். கொத்தளத்து விட்டத்தில் மாட்டி மர்சலின் ஆட்டினாள்.

சத்தமே இல்லை.

உள்ளே குனிந்து பார்த்தாள். நாக்கு இல்லாத மணி, வெறும் கொக்கி மட்டும். அமீன் கருங்கல்லால் அடித்தான். டொக்கென்று மொட்டைச் சத்தம் ஒன்று, கல்தான் உடைந்தது. "வீணாப்போச்சு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பனிக்குள் எங்கோ ஒரு குரல் கூப்பிட்டது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மர்சலினுக்கு அழுகை முட்டியது. இடுப்பில் செருகியிருந்த உலக்கையை உருவித் தரையில் வீசினாள்.

அது கணீரென்று உருண்டது. அதன் ஒரு முனை குமிழ். மறு முனையில் ஒரு வளையம்.

"மாதாவே" என்று பாய்ந்து எடுத்தாள். "வெங்கலத்தக் கீழயும் இரும்ப மேலயும் வச்சு ஒங்க பாட்டையா ஒரே மணிய ரெண்டாப் பிரிச்சிருக்காரு அமீனு!"

வளையம் கொக்கியில் கச்சிதமாக உட்கார்ந்தது. அவள் ஆட்டினாள். கோட்டையே அதிர்ந்தது. கை மரத்துப்போகும்வரை மாற்றி மாற்றி அடித்தார்கள். முதல் பாய்மரம் பனியைக் கிழித்து வந்தது. பிறகு இரண்டு. நாலு. ஆறு. ஏழாவதைக் காணாமல் அவள் பித்துப் பிடித்தவளாய் அடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அதுவும் வந்தது. "எக்கா, போதும், காது போச்சு" என்றான் கிரேசியான் கீழிருந்து. இறங்கி ஓடி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு அவள் அழுதாள்.

தெரியாது என்று ஒருவர் எழுதிவைத்ததை ஐந்து வருடம் அப்படியே நம்பியிருந்தோமே என்று மர்சலினுக்கு வெட்கமாக இருந்தது. பகலில் மேல்மாடத்துக்குப் போய்ப் பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, காலி இடத்தில் புதிதாக ஒன்று எழுதி வைத்தாள்.

'எண் 114. மணியின் நாக்கு. கொத்தளத்தில் வேலைக்குப் போயிருக்கிறது.'