இடது காதில் இழவு வீடு

வலது காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினாள் சங்கரம்மாள். அழுகைச் சத்தம் நிற்கவில்லை. தெருக்கோடியில் நாலைந்து பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பதுபோல மெல்லிய இழுவை, வெயிலோடு வெயிலாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. தெருவில் அன்றைக்கு யாரும் சாகவில்லை. சரி, செத்திருக்கட்டும், எந்தக் காதால் கேட்கிறாளாம்? அவளுடைய இடது காது செத்துத்தான் ஒரு வருஷத்துக்கு மேலாகிறதே!

மதுரை டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியிருந்தார். இடது காது நரம்பில் நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. கட்டி.

"புத்துநோய் இல்லம்மா, பயப்படாதீங்க. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். வளர்ந்திருந்தா ஆபரேஷன்."

பார்ப்போமாம். அவர் மண்டைக்குள்ளா இருக்கிறது? நடந்தால் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. இடது கன்னத்தில் ஈ உட்கார்ந்தாலும் தெரிவதில்லை. தண்ணீர் குடித்தால் வாயின் இடது ஓரத்தில் ஒழுகியது, பேச்சும் அந்தப் பக்கம் கொழகொழத்தது. யாராவது கூப்பிட்டால் எந்தத் திசையிலிருந்து என்று தெரியாமல் சாவி கொடுத்த பொம்மை மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தெருப் பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை. புருஷன் செண்பகராஜ் கோவில்பட்டி மில்லிலிருந்து வந்து, பஞ்சு ஒட்டிய தலையோடு சோற்றைப் பிசைந்துகொண்டே, "பதறாத சங்கரி, அவியளே பாப்போம்னுதான சொல்லுதாவ" என்பான். அந்தத் தட்டைப் பிடுங்கி எறியலாம் போலிருக்கும்.

இவனாவது பரவாயில்லை. புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்ட மதினி சொர்ணத்தாய் இருக்கிறாளே! காலையில் உடுக்கை அடித்துக் குறிசொல்லும் கோடாங்கி, மத்தியானம் தீப்பெட்டி ஆபீஸ், இந்த இரண்டையும் விட்டால் அவளுக்கு வேறு பேச்சு கிடையாது.

"பள்ளிக்கூடம் லீவுதான? வள்ளிய தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்புனா என்ன? வாசல்லயே பஸ்சு வந்து ஏத்திட்டுப் போவுது. ஊர்ப் பிள்ளையெல்லாம் போவலையா?"

"எம் பிள்ள போவமாட்டா மதினி. நான் தீக்குச்சிக்கு மருந்து முக்கின கை இது." கருகித் தழும்பேறிய விரல்களை அவள் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள் சங்கரம்மாள். "நான் செத்த பெறவு வேணா அனுப்புங்க."

"நீ பேசுதது ஒரு எழவும் வெளங்கல" என்று மதினி எழுந்து போய்விட்டாள்.

ஒரே ஒரு சுகம் அவளுக்கு மிஞ்சியிருந்தது. மத்தியானம் படுத்து, நல்ல காதைத் தலையணையில் அமுக்கிவிட்டால் போதும், மதினியின் வாய் அடைத்துப்போகும், ஊரே அடைத்துப்போகும். செத்த காதின் 'ஙொய்' மட்டும் மிஞ்சும். பங்குனியில் ஒருநாள் அப்படிப் படுத்திருந்தபோதுதான் அந்த இரைச்சலுக்கு அடியில் முதல்முதலாக ஒப்பாரி கேட்டது. அப்போது ஊருக்கு வெளியே, வெடித்துக் கிடக்கும் கரிசல் காட்டில் எங்கோ கேட்டது. சித்திரையில் தெருவுக்கு வந்துவிட்டது. வார்த்தை புரியவில்லை, ராகம் மட்டும். ராகம் போதாதா? எத்தனை இழவு வீட்டில் மாரடித்திருக்கிறாள்! யார் எப்படி இழுப்பாள் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வோர் அடியின் முடிவிலும் விக்குகிறவள் மதினி. நடுவில் இருமுகிறவள் தெற்குத்தெரு முப்பிடாதி. எட்டயபுரத்தில் வாக்கப்பட்ட தங்கச்சிகூட வந்து சேர்ந்துவிட்டாள்.

யாருக்கு இந்த இழவு? வேறு யாருக்கு? 'உசுரோட இருக்கயிலேயே ஆரம்பிச்சிட்டாளுவளே பாவிக' என்று பல்லைக் கடித்தாள். கட்டி வளர்ந்துவிட்டது, அதுதான் இது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாசலில் உடுக்கைச் சத்தம் கேட்கும்.

மறுநாள் இரண்டாவது ஸ்கேனுக்கு மதுரைக்குப் போக வேண்டும். துணிப்பையில் சேலையும் பழைய ஸ்கேன் படமும் எடுத்து வைத்தாயிற்று. "வள்ளி எங்க மதினி?" என்று காலையில் கேட்டதற்கு, "சாணி பெறக்கப் போயிருக்கா" என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னாள் மதினி. உச்சிப்பொழுதில் ஓட்டு வீடு வெக்கையில் புழுங்கியது. சங்கரம்மாள் நல்ல காதைத் தலையணையில் அமுக்கினாள்.

ஒப்பாரி அன்று தெருவில் இல்லை. வீட்டுக்குள் இருந்தது.

கட்டிலைச் சுற்றி. வெற்றிலை வாடையோடு. மூச்சுக்காற்று தெரிகிற தூரத்தில்.

பயத்தைவிடக் கோபம் முந்திக்கொண்டது. அழுங்கடி, நல்லா அழுங்க. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு குரலாகப் பிரித்தாள். மதினி விக்கினாள். முப்பிடாதி இருமினாள். தங்கச்சி தொண்டை கட்டிப்போய் இழுத்தாள். எல்லோரும் இருந்தார்கள்.

வள்ளி இல்லை.

பெற்ற மகள் அழவில்லையா? பத்து மாதம் சுமந்தவளுக்கு ஒரு சத்தம்கூடக் கிடையாதா? கண்ணில் நீர் முட்டியது. மறுபடி தேடினாள். எல்லாக் குரலுக்கும் அடியில் இன்னொரு குரல் இருந்தது. இதுவரை கவனிக்காத குரல். இழுப்பை எடுத்துக் கொடுப்பதே அதுதான். கரகரத்த குரல். வாயின் இடது ஓரம் கொழகொழத்த குரல்.

அவளுடைய குரல்.

முதல்முறையாக வார்த்தை புரிந்தது.

"நான் பெத்த மயிலே... வேண்டாம்னு சொன்னேனே..."

வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். சுவர் சுழன்றது. வீட்டில் யாரும் இல்லை. மதினி வாசலில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, வள்ளி எங்க?"

மதினியின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கன்னு கேக்கேன்லா!"

"காலையில... பஸ்சுல ஏத்திவிட்டேன், சங்கரி. நீ ஊருக்குப் போயிட்டு வாரவரைக்கும்னு..."

மதினியின் கொண்டையை எட்டிப் பிடித்தாள். வாய் திறந்தது. திட்டு வருவதற்குள் கேட்டது.

"அம்மா."

வள்ளிதான். வந்துவிட்டாள்! வேலை பிடிக்காமல் ஓடி வந்துவிட்டாள், என் தங்கம். பிடி தளர்ந்தது. முற்றத்தில் சுற்றிப் பார்த்தாள். அடுப்படி. கோழிக்கூடு. மாட்டுக் கொட்டில்.

"ஏட்டி, எங்கன நிக்க? வெளிய வா!"

"இங்கனதாம்மா இருக்கேன்."

மதினி அவளையே வெறித்துப் பார்த்தாள். "யார்ட்ட பேசுத?" என்றாள்.

தெருவில் ஆட்கள் மேற்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். கரிசல் காட்டுக்கு அப்பால், தீப்பெட்டி ஆபீஸ் பக்கம், கரும்புகை எழும்பி நின்றது. காற்றில் கந்தக வாடை.

சங்கரம்மாளின் வலது கை தானாக மேலே போனது. நல்ல காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினாள். ஓட்டம், கூச்சல், மதினி, எல்லாம் அடங்கின.

"அம்மா, இங்கனதான் இருக்கேன். சுடுதும்மா."