மண்ணச்சநல்லூரில் தூம்பா தாளம் போட்ட ராத்திரி

மண்ணச்சநல்லூரில் மூடிக் கிடந்த அந்த அரிசி மில்லுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. உள்ளே பழைய தவிட்டு வாசனை. திருச்சியில் ஒரு மண்டபமும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அன்று கல்லறைத் திருநாள், 1986. அன்றைக்கே நிகழ்ச்சி வைத்தது அக்னஸின் பிடிவாதம்.

அக்னஸ் எங்கள் பாடகி. ராக் அண்ட் ரோலில் பேய்க்கதையைக் கலந்து தலைதெறிக்கிற வேகத்தில் பாடியதற்காகக் கோயில் பாடகர் குழுவிலிருந்து அவளை விலக்கியிருந்தார்கள். இனி எங்கேயும் வாய் திறக்கக் கூடாது என்று வீட்டிலும் உத்தரவு. இன்று பாடாவிட்டால் என்றைக்குமே பாட முடியாது என்று நினைத்தாள். டிரம்ஸ் அடிக்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் அண்ணன் விக்டர் நின்றபடி வாசிக்கும் ஆளுயர பாஸ் வாத்தியம் வாங்க வழியில்லாமல், பங்குக் கோயிலில் கழித்துப்போட்ட தூம்பாவைக் கேட்டு வாங்கி வந்தான். ஏழைகளின் உடலைக் கல்லறை வரை சுமந்துபோய், இறக்கிவிட்டு, திரும்பக் கொண்டுவரும் பொதுப் பெட்டி அது. வெறும் தூம்பாவை மூடக் கூடாது, மூடினால் ஆள் கேட்கும் என்று உபதேசியார் அற்புதசாமி சொல்லித்தான் கொடுத்தார். விக்டருக்கு நாதம்தான் முக்கியம். மூடியைச் சுற்றி ஆணி அடித்து, கழுத்து வைத்து, கம்பி கட்டிவிட்டான். எங்களுக்கு அது பெரிய தமாஷாக இருந்தது.

முதலில் மதராஸ் குழு. கடலே இல்லாத ஊரில் கிட்டாரிலேயே அலை அடித்தார்கள். பொன்மலை ரயில்வே காலனிப் பையன்கள் தவிடு பறக்க ஆடினார்கள். அடுத்து நாங்கள். செத்துப்போன ஒருத்தி தன் இறுதி ஊர்வலத்தில் எழுந்து ஆடுகிற பாட்டு, அக்னஸே எழுதியது. பாதியில் கரண்ட் போயிற்று.

கிட்டார் செத்தது. மைக் செத்தது. நானும் நிறுத்தினேன்.

பாஸ் மட்டும் நிற்கவில்லை.

"விக்டர், போதும்டா," என்றேன்.

"நான் வாசிக்கலடா மீரான்." அவன் குரல் மேடைக்குக் கீழே, ஜெனரேட்டர் பக்கமிருந்து வந்தது.

டொம். டொம்.

கம்பியின் சத்தம் இல்லை அது. பலகையை உள்ளிருந்து தட்டுகிற சத்தம்.

தவிட்டு வாசனை போய், வாடிய சாமந்தியும் அணைந்த மெழுகுவத்தியும் மணந்தன. பிறகு ஒரு குரல். வயதான, மரியாதையான குரல்.

"வாம்மா அக்னஸ். வந்து படுத்துக்க. இடம் இருக்கு."

கூட்டம் இதையும் நிகழ்ச்சி என்று நினைத்து விசில் அடித்தது. எனக்கோ பல் கிட்டிப்போயிற்று. விக்டர் ஓடிவந்து தீக்குச்சி கிழித்தான். ஆணிகள் கழன்று தரையில் கிடந்தன. மூடி ஒரு சாண் திறந்திருந்தது.

அக்னஸின் கால்கள் அதை நோக்கி நகர்ந்தன.

அவளாக நடக்கவில்லை. என் சிம்பல் ஸ்டாண்டை இறுகப் பிடித்திருந்தாள், அதுவும் சேர்ந்து இழுபட்டது. தீக்குச்சி அணையும் முன் அவள் முகத்தைப் பார்த்தேன். பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் தெரிந்தது. கோயிலில் வாயை மூடச் சொன்னார்கள், வீட்டில் சொன்னார்கள், இப்போது செத்தவர்களுமா?

"பாட்டு பாதியில நிக்குது," என்றாள். "முடிச்சிட்டு வரேன். அதுவரைக்கும் தாளம் போடுங்க."

டொம்.

சரியான காலத்தில் விழுந்தது. நான் குச்சிகளை எடுத்தேன். மைக் இல்லாமல், தொண்டை கிழிய, மில்லின் கூரைத் தகரம் அதிர அவள் பாடினாள். அப்படிப் பாடி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. கடைசி வரி நெருங்கியது.

அந்த வரிக்கு முன்னால் சட்டென்று நிறுத்தி, மூச்சு விடாமல் அடுத்த பாட்டுக்குத் தாவினாள்.

கரண்ட் வந்தபோது மூடி அசையாமல் கிடந்தது. மறுநாள் தூம்பாவைக் கொள்ளிடக் கரையில் வைத்து எரித்தோம்.

அதற்குப் பிறகு அக்னஸை யாராலும் நிறுத்த முடியவில்லை. மூன்று வருடமாக எல்லா மேடையிலும் அந்தப் பாட்டைப் பாடுகிறாள், கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு. போன மாதம் புத்தூரில் அப்படிப் பாடி நிறுத்தினாள், கைதட்டல் எழுந்து ஓய்ந்தது. பின்வரிசையில், யாருமே உட்காராத நாற்காலிகள் பக்கமிருந்து அதே மரியாதையான குரல் கேட்டது.

"அந்தக் கடைசி வரியையும் பாடிடும்மா."

அக்னஸ் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். முகத்து வேர்வையைத் துடைத்தாள்.

"அடுத்த பாட்டு," என்றாள் மைக்கில்.

நான் குச்சியைத் தூக்குவதற்குள் தாளம் ஆரம்பித்திருந்தது.