பரணை மூடிய சுவர்

புதுப்பித்த மாளிகையின் திறப்புவிழாவுக்குள் எல்லாச் சுவர்களும் காய்ந்துவிட்டன. படிக்கட்டோரத்துச் சுவர் மட்டும் காயவில்லை. லிமா நகரின் குளிர்காலத் தூறல் எதையும் லேசில் காயவிடாது, வாஸ்தவம்தான். ஆனால் தூறலில் ஊறிய சுவர் சில்லென்று இருக்கும். காவல்காரன் நிக்கானோர் கை வைத்தான். காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது.

அந்த மாளிகையில் அறைக்கொரு குடும்பமாக ஒண்டிக் கிடந்தவர்களில் அவனும் ஒருவன். ‘சமூகக் கூடம்’ ஆக்கப் போகிறோம் என்று, உள்ளே இருந்த சமூகத்தை நகராட்சிக்காரர்கள் தெருவில் தள்ளினார்கள். காலி பண்ணப் போலீஸ் வந்தால் குடியிருந்தவர்கள் அறைக்கு ஒருவரைப் பரணில் ஒளித்துவைப்பார்கள். ஆள் உள்ளே இருக்கும்வரை அறை கைவிட்டுப் போகாது என்று ஒரு நம்பிக்கை. நிக்கானோரும் மனைவி டொமித்திலாவைப் பரணில் ஏற்றிவிட்டு, வாசலில் மல்லுக்கு நின்று லாக்கப்புக்குப் போனான். விட்டதும் ஓடிவந்தால், படிக்கட்டோரத்தில் பரண் இருந்த இடத்தில் வழவழவென்று புதுச்சுவர். அவளைத் தேடத்தான் இந்தக் காவல் வேலை.

“உங்க சம்சாரம் லாரி ஏறிப் போனத எங்க ஆளுங்க பார்த்திருக்காங்க, பெரியவரே,” என்றாள் கட்டட வேலையைப் பார்த்த இன்ஜினியர்.

“எந்த லாரி? பஸ்ஸுக்கே வாந்தி எடுக்கறவ அவ. சுவத்த உடைங்கம்மா, பாத்துருவோம்.”

“மேயர் வர்ற நேரத்துல வம்பு பண்ணாதீங்க.”

“கூரை ஒழுகுனப்ப எந்த மேயரும் வரலயே.”

அவள் போய்விட்டாள். முற்றத்தில் விழா விருந்துக்கு மாட்டு இருதயம் சுடும் புகையும் பச்சைச் சுண்ணாம்பின் நெடியும் கலந்து வர, அதற்கடியில் டொமித்திலாவின் சால்வையில் எப்போதும் இருக்கும் ஈரக் கம்பளி வாடை மெல்லக் கசிந்தது. சுவருக்குள் சேற்றுப் பூச்சைத் தாங்கும் நாணல் தட்டிகள், தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பதுபோல் நெரிந்தன.

“டொமித்தி?”

நெரியும் சத்தம் நின்றது.

கொத்தனார் விட்டுப்போன சுத்தியலை எடுத்தான். பூச்சு உதிர்ந்தது. நாணலை ஒடித்தான். கை நுழையும் அளவு இருட்டு. தோள்வரை விட்டுத் துழாவினான்.

விரல்கள். அவளுடையவைதான். சோளம் உதிர்த்து உதிர்த்துக் காய்ப்பேறிய கட்டைவிரல்.

“வந்துட்டேன்டீ. வா, வெளிய வா.”

பிடி இறுகியது. இழுத்தான். வரவில்லை. கத்தினான். முற்றத்தில் மேளம் தொடங்கிவிட்டது. கைதட்டல்.

உள்ளே இன்னொரு கை. அவன் அறியாத கை. குளிர்ந்த சேற்றை அவன் முழங்கையைச் சுற்றி அப்பியது. அழுத்தியது. இடைவெளி பார்த்து நிரப்பியது. அவசரமே இல்லை.

சேறு தோளுக்கு வந்தது.

அந்தக் கையின் கட்டைவிரல் ஓட்டையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டு, பூச்சு முடிக்கும் கொத்தனார்போல் அவன் கழுத்தோரச் சேற்றை வழித்துச் சமப்படுத்தியது.